அறியாமை எப்போது குற்றமாகிறது?

வேதாகமம் இல்லாத கத்தோலிக்க இல்லம் இன்று எம்மிடையே அரிது. திருமணத்தன்று பரிசாகக் கிடைத்தது ஒன்று. மறைக்கல்விப் போட்டியிலே பிள்ளை பெற்று வந்தது ஒன்று. வெளிநாட்டிலிருக்கும் சகோதரி நல்ல அட்டை போட்டு அனுப்பி வைத்தது இன்னொன்று. திரு இருதய ஆண்டவரின் படத்துக்குக் கீழே, செபமாலைக்கும் மெழுகுதிரிக்கும் பக்கத்திலே, அது மரியாதையோடு வைக்கப்பட்டிருக்கும். நத்தாருக்கும் கோயில் திருநாளுக்கும் வீடு துப்புரவு செய்யும்போது அதன் தூசியும் துடைக்கப்படும். ஆனால் அது திறக்கப்படுகிறதா?

எவரையும் குறை கூறும் நோக்கத்தோடு இதைக் கேட்கவில்லை. இக்கேள்விக்குள் கனமான ஓர் ஒழுக்கப் பிரச்சினை மறைந்திருக்கிறது. ஒரு விசுவாசி தன் விசுவாசத்தைப் பற்றி அறியாதிருப்பது வெறும் குறையா, அல்லது குற்றமா? குறையென்றால் அனுதாபப்பட்டு விட்டுவிடலாம். குற்றமென்றால் அது பாவசங்கீர்த்தனத்திலே சொல்ல வேண்டிய விடயமாகிவிடும். இரண்டில் எது என்பதை அன்பான வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

தோமையார் தரும் அளவுகோல்

13ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த புனித அக்குவினா தோமையார் இதைத் தமது பெரிய இறையியல் நூலிலே ஆராய்ந்திருக்கிறார். தெரியாமை எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்ததல்ல என்பது அவரது முதலாவது படிப்பினை. கேத்திர கணிதத்தின் தேற்றங்கள் ஒருவனுக்குத் தெரியாவிட்டால் அதற்காக அவனைக் குற்றவாளி என்று எவரும் சொல்வதில்லை. அவற்றை அறியவேண்டிய கடமை எல்லோருக்கும் இல்லை. ஆனால் விசுவாசத்தின் அடிப்படை உண்மைகளையும் கடவுளுடைய பொதுவான கட்டளைகளையும் அறிவது எல்லோருக்கும் கடமை. இவற்றுக்கு மேலாக, அவரவருடைய நிலைக்கும் தொழிலுக்கும் பொறுப்புக்கும் உரியவற்றை அறிவது அவரவர் கடமை.

இரண்டாவதாக, அறிய வேண்டியதை அறிவதற்கு வழியே இல்லாதவனுடைய அறியாமை பாவமாகாது. எவ்வளவு முயன்றும் வெல்ல முடியாத அறியாமை அது. வழியிருந்தும், கொஞ்சம் முயன்றால் வெல்லக் கூடியதாயிருந்தும், அசட்டையினால் விட்டுவிட்டவனுடைய அறியாமைதான் குற்றமாகிறது. அங்கே குற்றம் தெரியாமையில் அல்ல, அசட்டையில் இருக்கிறது.

மூன்றாவது வகையொன்றையும் அவர் காட்டுகிறார். அது மனிதன் வேண்டுமென்றே பேணிக்கொள்ளும் அறியாமை. தெரிந்துகொண்டால் விருப்பம்போல் நடக்க முடியாது என்ற பயத்தினால் தெரியாமலே இருந்துகொள்வது. மூன்றிலும் ஆபத்தானது இதுவே.

எம் முன்னோரின் அறிவு

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தவுடன் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். எழுத்து வாசிக்கத் தெரியாத எங்கள் பாட்டிமார் வேதாகமத்தைத் தொட்டதே இல்லையே, ஆனால் அவர்களுடைய விசுவாசம் எங்களுடையதைவிட உறுதியாக இருந்ததே, அவர்கள் குற்றவாளிகளா?

இல்லவே இல்லை. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாகியபோது எமது மக்கள் குருக்களை இழந்தார்கள். 1687இல் புனித யோசப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்து சேரும்வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பூசையில்லை, பிரசங்கமில்லை. கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றே அவர் கத்தோலிக்கரை அடையாளம் கண்டார் என்று வரலாறு கூறுகிறது. அவர் தங்கிப் பணிபுரிந்த சில்லாலைக் கிராமத்து மக்கள் அந்த நீண்ட இருட்டுக் காலத்தில் விசுவாசத்தை எதைக் கொண்டு காத்தார்கள்? மனப்பாடம் செய்த செபங்களைக் கொண்டும், தாய் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த கதைகளைக் கொண்டுமே காத்தார்கள்.

1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் இந்த மக்களின் பசியை நன்றாக விளங்கிக்கொண்டார். சிங்களத்தையும் தமிழையும் கற்று இரு மொழியிலும் நூல்கள் இயற்றினார். அவரது வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்திலே எமது கோயில்களில் உருக்கமாக வாசிக்கப்பட்டது. வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க ஊரே கேட்டது. பசாமும் அம்மானையும் நாட்டுக்கூத்தும் அவ்வாறே எழுத்தறியாதவருக்கும் வேதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆண்டவருடைய பாடுகளைத் தொடக்கம் முதல் முடிவுவரை அந்தப் பாட்டி கண்ணீரோடு சொல்லக் கூடியவளாயிருந்தாள் என்றால், தனக்குக் கிடைத்த வழி ஒன்றையும் அவள் வீணாக்கவில்லை என்பதே அதன் பொருள்.

வேதாகமத்தை மக்கள் தம் மொழியில் தாமாக வாசிப்பதற்குத் திருச்சபையின் கட்டுப்பாடும் ஒரு காலத்தில் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. திரெந்து பொதுச்சங்கத்தின் பின் 1564இல் வெளிவந்த விதிகளின்படி அதற்கு அனுமதி பெற வேண்டியிருந்தது. தகுந்த குறிப்புகளோடு அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்புகளுக்கு 1757இல் வழி திறக்கப்பட்டது. ஆனாலும் பழைய தயக்கம் நீண்ட காலம் நீடித்தது.

மாறிவிட்ட நிலைமை

1943இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் கத்தோலிக்க அறிஞர்களை மூல மொழிகளிலும் அக்கால எழுத்து வகைகளிலும் துணிந்து ஆராயுமாறு தூண்டினார். 1965 நவம்பர் 18ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டது. விசுவாசிகள் எல்லோருக்கும் வேதாகமத்தின் வாசல் அகலத் திறந்திருக்க வேண்டும் என்பதும், ஒவ்வொருவரும் அதை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்பதும் அன்றுமுதல் திருச்சபையின் தெளிவான கேள்வி. 1969இல் அறிமுகமான புதிய வாசக ஒழுங்கினால், ஞாயிறு தவறாமல் பூசை காண்பவர் மூன்றாண்டுகளில் மத்தேயு, மாற்கு, லூக்காஸ் ஆகியோரின் சுவிசேஷங்களை முறைப்படி கேட்கிறார். தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் அருளப்பர் வந்து சேர்ந்துகொள்கிறார். 1995இல் தமிழ்நாட்டிலே கத்தோலிக்கரும் மற்றைய சபையினரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் தமிழிலும் கிடைக்கிறது. 2019இல் பிரான்சிஸ் பாப்பரசர் ஆண்டின் பொதுக்காலத்து மூன்றாம் ஞாயிற்றை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தினார்.

ஆகவே பாட்டியினுடைய நிலை வேறு, எமது நிலை வேறு. அவளுக்கு வாசல் பூட்டியிருந்தது. யன்னலால் வந்த வெளிச்சத்தை எல்லாம் அவள் வாங்கிக்கொண்டாள். எமக்கு வாசல் திறந்திருக்கிறது. நாம் திண்ணையிலேயே இருந்துவிட்டோம். அதிகம் கொடுக்கப்பட்டவனிடம் அதிகம் கேட்கப்படும் என்ற ஆண்டவருடைய எச்சரிக்கை பணத்துக்கு மட்டும் உரியதல்ல.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்த இழப்பை இந்தச் சமூகம் இன்றுவரை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. நூலின் பெறுமதி எமக்குத் தெரியும். எரிந்த நூல்களுக்காக அழத் தெரிந்த நாம் வீட்டிலே எரியாமல் இருக்கும் நூலைத் திறக்காமல் வைத்திருப்பது எப்படி?

நாம் சொல்லும் நியாயங்கள்

நேரமில்லை என்பது முதலாவது நியாயம். மாற்கு எழுதிய சுவிசேஷம் பதினாறு அதிகாரங்களே. ஒரே மூச்சில் உரத்து வாசித்தாலும் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ஒரு சினிமாப் படத்துக்கு நாம் கொடுக்கும் நேரம் இதைவிடக் கூட. நாளுக்கு ஓர் அதிகாரமாக வாசித்தால் பதினாறு நாளில் ஒரு சுவிசேஷம் முழுவதும் கைவசமாகிவிடும்.

வாசித்தால் சந்தேகம் வரும் என்பது இரண்டாவது நியாயம். இதிலே ஓரளவு உண்மை உண்டு. ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரத்தில் மனிதன் எல்லாவற்றுக்கும் இறுதியாகப் படைக்கப்படுகிறான். இரண்டாம் அதிகாரத்திலோ மரஞ்செடிகளுக்கும் விலங்குகளுக்கும் முன்னரே உருவாக்கப்படுகிறான். இதைக் கவனித்த மாணவன் குழப்பமடைவது இயல்பு. அவனை அதட்டி வாயை மூடச் செய்தால் அவன் கோயிலையும் விட்டுவிடுவான். இவை விஞ்ஞான பாட நூலின் பக்கங்கள் அல்ல. கடவுள் யார், மனிதன் யார் என்பதை இரண்டு வேறு கோணங்களிலிருந்து சொல்லும் இரண்டு பழைய வரலாறுகள். அவற்றின் எழுத்து வகையை அறிந்தே பொருள் கொள்ள வேண்டும் என்று திருச்சபையே சொல்கிறது என்பதை எடுத்துக் காட்டினால் அவனுடைய விசுவாசம் வளரும்.

முதல் நன்மைக்குத் தைத்த வெள்ளைச் சட்டையை நாற்பது வயதிலே அணிய முடியாது. ஆனால் எம்மிற் பலர் முதல் நன்மைக்குப் படித்த அறிவோடுதான் நாற்பது வயது வாழ்க்கையைச் சந்திக்கிறோம். வைத்தியர் தன் தொழிலிலே வளர்ந்திருக்கிறார், கணக்காளர் வளர்ந்திருக்கிறார், ஆசிரியை வளர்ந்திருக்கிறாள். விசுவாசம் மாத்திரம் எட்டு வயதிலே நின்றுவிட்டது. துன்பமொன்று வரும்போது அந்தச் சிறிய சட்டை கிழிகிறது. அப்போது நாம் கடவுளைக் குறை சொல்கிறோம்.

வசனங்களைக் கரைத்துக் குடித்தவர்கள் வீட்டுப் படலையில் வந்து நின்று சண்டை பிடிக்கிறார்களே. அந்த அறிவு எமக்கு எதற்கு என்பது மூன்றாவது நியாயம். வசனத்தைச் சொல்வது வேறு, வேதத்தை அறிவது வேறு. வனாந்தரத்திலே ஆண்டவரைச் சோதித்த பசாசும் சங்கீதத்திலிருந்து ஒரு வசனத்தைப் பிசகின்றிச் சொன்னது. ஆகவே தர்க்கத்திலே வெல்லுவதற்காக நாம் வேதாகமத்தைப் படிக்கத் தேவையில்லை. ஆனால் படலையில் வந்தவருக்கு மரியாதையோடு மறுமொழி சொல்லத் தெரியாமல் கதவைச் சாத்துவதும் பெருமைக்குரிய காரியமல்ல. 1850இல் வெளிவந்த வேதாகம மொழிபெயர்ப்பிலே பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாயிருந்தவர் ஆறுமுக நாவலர். தாம் ஏற்றுக்கொள்ளாத சமயத்தின் நூலையே அவர் சொல் சொல்லாக எடைபோட்டுப் படித்தார். எமது சொந்த நூலை நாம் எவ்வளவு படித்திருக்கிறோம்?

தெரியாமலிருக்க விரும்புவது

இந்த நியாயங்களுக்கெல்லாம் அடியிலே சொல்லப்படாத வேறொன்று இருக்கலாம். தோமையார் காட்டிய மூன்றாவது வகையை இங்கே நினைவுகூர வேண்டும்.

காணிக்கைப் பொருளைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு சமாதானமாகும்படி ஆண்டவர் மலைப் பிரசங்கத்திலே கட்டளையிடுகிறார். எல்லை வேலிக்காக ஆண்டாண்டாய் முகம் பாராதிருக்கும் இரு சகோதரர் அப்பக்கத்தைத் திறக்காமலிருப்பது சௌகரியந்தான். பொன்மோதிரம் அணிந்து வருபவனுக்கு முன்னாலே ஆசனமும் கந்தல் உடுத்தவனுக்குக் காலடியிலே இடமும் கொடுக்கும் சபையை யாகப்பர் தமது நிருபத்தில் கடிந்துகொள்கிறார். குலத்தைப் பார்த்துக் கோயிலில் இடம் ஒதுக்கிய வரலாறு எமக்கும் உண்டு. அந்த மனப்பான்மை அடியோடு அழிந்துவிட்டதென்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா? அறுவடை செய்தவனுக்குக் கொடுக்காத கூலி கூக்குரலிடுகிறது என்றும் அதே நிருபம் சொல்கிறது. கள்ளத் தராசு பற்றி ஆமோஸ் தீர்க்கதரிசி பேசியது கிறீஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில். கடை வைத்திருப்பவருக்கு அது இன்றைய செய்தி.

வேதாகமத்தை மூடி வைப்பதற்கு அதன் கடினம் மட்டுமே காரணமல்ல. சில பக்கங்கள் மிக நன்றாக விளங்கிவிடும் என்பதும் ஒரு காரணம். அந்தப் பயத்தினால் மூடி வைத்திருந்தால், அது குறையென்ற எல்லையைத் தாண்டிவிட்டது.

வழியும் வழிகாட்டியும்

சரி, எங்கே தொடங்குவது? நூல் ஒன்றைக் கையிலெடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு அப்போஸ்தலர் பணியிலுள்ள எத்தியோப்பிய அதிகாரி சாட்சி. அரசியின் நிதிக்குப் பொறுப்பானவர். சொந்தமாக ஏட்டுச்சுருள் வைத்திருந்த செல்வந்தர். காசாவுக்குப் போகும் வழியிலே இரதத்தில் இருந்துகொண்டு இசையாஸ் ஆகமத்தை வாசிக்கிறார். விளங்குகிறதா என்று பிலிப்பு கேட்டபோது, வழிகாட்ட ஒருவரும் இல்லையே என்று வெட்கப்படாமல் ஒப்புக்கொண்டு அவரைத் தம் பக்கத்தில் ஏற்றிக்கொள்கிறார். நூல், வழிகாட்டி, கேட்கும் தாழ்மை ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்தன.

வாங்கும் வேதாகமம் முழுமையானதா என்று முதலில் பாருங்கள். கத்தோலிக்க வேதாகமத்தில் பழைய ஏற்பாட்டு நூல்கள் 46, புதிய ஏற்பாட்டு நூல்கள் 27, ஆக 73. அறுபத்தாறு மட்டும் உள்ள பதிப்பில் தோபித்து, யூதித்து, ஞானாகமம், சீராக், பாருக், மக்கபேயர் இரண்டு ஆகமங்கள் ஆகிய ஏழும் இருக்கமாட்டா. ஆயர்களின் அங்கீகாரமும், ஒவ்வோர் ஆகமத்துக்கும் முன்னுரையும், அடிக்குறிப்பும் உள்ள பதிப்பே வீட்டுக்கு உகந்தது. முன்னுரையைத் தாண்டி ஓடாதீர்கள். யார், யாருக்கு, எந்தச் சூழ்நிலையில் எழுதினார் என்பது தெரிந்தால் பாதி விளங்கிவிடும். புதிய மொழிபெயர்ப்பிலே அருளப்பர் யோவானாகவும், சின்னப்பர் பவுலாகவும், இராயப்பர் பேதுருவாகவும் வருவதைக் கண்டு வீட்டுப் பெரியவர்கள் மருள வேண்டாம். ஆட்கள் அவர்களேதான்.

எந்த ஒழுங்கிலே படிப்பது? வேதாகமத்தை இலத்தீனில் தந்த புனித ஜெரோம், உரோமையிலிருந்த லேத்தா என்னும் தாய்க்கு, அவளுடைய சிறு மகளை வளர்க்கும் முறைபற்றி ஒரு கடிதம் எழுதினார். மரத்திலோ தந்தத்திலோ எழுத்துகளைச் செய்து விளையாடக் கொடுக்கும்படி சொல்லித் தொடங்கி, முதலில் சங்கீதங்கள், பின்பு நீதிமொழி முதலிய ஞான நூல்கள், அதன்பின் ஒருபோதும் கையை விட்டு நீங்காதபடி சுவிசேஷங்கள், அப்பால் மற்றவை என்று வரிசைப்படுத்துகிறார். உன்னத சங்கீதத்தை இறுதிக்கு வைக்கிறார். பிள்ளையின் வயதறிந்து உணவு கொடுப்பதுபோல வேதமும் கொடுக்கப்பட வேண்டும் என்பதே அவர் கருத்து. பெரியவர்களாகத் தொடங்குவோர் மாற்குவிலிருந்து லூக்காஸுக்கும், அங்கிருந்து அப்போஸ்தலர் பணிக்கும் போகலாம். முதற்பக்கத்திலே தொடங்கி லேவியராகமத்திலே களைத்து நின்றுவிடுவதிலும் இது பயன் தரும்.

மறைக்கல்வி நூலை வேதாகமத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். விசுவாசப் பிரமாணம், தேவதிரவிய அனுமானங்கள், கட்டளைகள், செபம் என்று நான்கு பகுதிகளாக அது அமைந்திருக்கிறது. ஒரு கேள்வி எழும்போது அதற்குரிய இடத்தைத் தேடிப் பார்க்கலாம்; அட்டையிலிருந்து அட்டை வரை வாசிக்க வேண்டியதில்லை. பங்கிலே வேதாகம வகுப்பு இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் சுவாமியாரிடம் கேளுங்கள். விசுவாசிகள் கேட்பதைப் பார்க்கிலும் குருவை நன்கு படிக்கத் தூண்டும் காரியம் வேறில்லை. அறியவேண்டிய கடமை ஒவ்வொருவருடைய நிலைக்கேற்ப என்று தோமையார் சொல்லும்போது, குருக்களுக்கும் பெற்றோருக்கும் அது இரட்டிப்பாகிறது.

கைத்தொலைபேசியில் வந்து குவியும் போதனைகளுக்கும் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். பேசுபவர் யார், எந்தச் சபையின் பொறுப்பில் பேசுகிறார் என்பது தெரிகிறதா? உலக முடிவுக்கு நாள் குறிக்கிறாரா? அந்த நாளைப் பிதாவைத் தவிர எவரும் அறியார் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். வேறு சமயத்தவரையோ வேறு சபையினரையோ வெறுக்கச் சொல்கிறாரா? இரகசியத்துக்குக் காசு கேட்கிறாரா? அப்படியானால் தள்ளிவிடுங்கள்.

படிப்பின் முடிவு

எல்லாவற்றுக்கும் மேலான அளவுகோலைப் புனித அகுஸ்தீனார் தந்திருக்கிறார். வேதாகமத்தைப் படித்தும் கடவுளன்பிலும் பிறரன்பிலும் வளராதவன் அதை இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை என்கிறார். ஒருவன் ஒரு பகுதிக்குத் தவறான பொருள் கொண்டாலும் அது அவனை அன்புக்கே கொண்டுபோனால், அவன் வீதியை விட்டு வயல் வழியாக நடந்து அதே ஊருக்கு வந்து சேர்ந்தவனைப் போன்றவன். ஆனாலும் அவனுக்கு வீதியைக் காட்ட வேண்டும். வழி விலகிப் பழகியவன் ஒரு நாள் வேறு ஊருக்கே போய்விடக்கூடும். அறிவைவிட அன்பு பெரிது. அன்புக்குப் பாதை காட்டுவது அறிவு.

தொடங்கிய கேள்விக்கு இப்போது மறுமொழி சொல்லலாம். வழியில்லாதவனுடைய அறியாமையைக் கடவுள் குற்றமாக எண்ணுவதில்லை. எம்மிற் பலருக்கோ வழி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வயல் வேலையிலும் கடல் தொழிலிலும் களைத்து வருபவரிடம் கடவுள் பண்டிதரின் படிப்பைக் கேட்கமாட்டார். அவரால் முடிந்ததையே கேட்பார். முடிந்ததையும் செய்யாமல் விடுவதே குற்றம்.

வருகிற சனிக்கிழமை இரவு செபமாலை முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். படத்தின் கீழே உள்ள நூலை எடுத்து, மறுநாள் பூசையின் சுவிசேஷத்தைத் தகப்பனோ தாயோ வாசிக்கட்டும். வாசிக்க முடியாத முதியவர் இருந்தால் பேரப்பிள்ளை வாசித்துக் காட்டட்டும். விளங்காத இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு கோயிலுக்கு வாருங்கள். அப்பொழுது ஞாயிறு பிரசங்கத்தைக் கேட்கும் காதே வேறாயிருக்கும்.